டின்னுக்குள்ள வச்ச குடும்பம்

கோபுரத்து உச்சியில நிக்கிறேன். கீழ ஆறு.

ஆறுன்னதும் நம்ம இலங்கை மலையில ஓடுற லிந்துலை ஆத்த மனசுல வச்சிக்கிட்டுப் படிக்காதீங்க. நம்ம ஆறு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு கல்லுக்குக் கல்லு தாவித் தாண்டுற ஆறு. இது எதிர்க்கரையில மேயிற மாடு எறும்பாத் தெரியிற ஆறு. மண்ணு நெறம். பாயி வச்ச தோணிங்க ஒண்ணு பின்னால ஒண்ணா, ஒரு அவசரமும் இல்லாமப் போயிக்கிட்டு இருக்கு.

ஊரு பேரு ஹாங்சோ. சீனத்துல ரொம்பப் பழைய பட்டணம். ராசாக்க இருந்து ஆண்ட ஊராம். அங்க நான் இருந்தது ஒண்ணரை நாளு.

எங்களுக்கு வெளக்கம் சொல்ல ஒரு சீனத்துப் பையன் கூடவே வந்தாரு. ஒல்லி, மூக்குல பெரிய கண்ணாடி. பேரு வாயில நொழையாததால கண்ணாடித் தம்பின்னு நான் வச்சேன். அவரு சொல்றாரு, வருசா வருசம் இந்த ஆத்துல கடலு ஏறி வருமாம், செவுரு மாதிரி ஒரு அலை, கீழ இருந்து மேல பாக்க ஓடுமாம். அந்த அலைய அடக்கத்தான் அந்தக் காலத்துல இந்தக் கோபுரத்தக் கட்டுனாங்களாம்.

"அடங்குச்சா?"ன்னு எங்க சங்கத் தலைவருகிட்ட கேக்கச் சொன்னேன்.

கண்ணாடித் தம்பி கைய விரிச்சாரு. "இல்ல."

"பெறகு?"

"இப்ப அலைய பாக்க சனங்க வர்றாங்க."

எனக்கு அந்தப் பதிலு ரொம்பப் புடிச்சிருச்சி. அத மென்னுக்கிட்டே வெத்தல எடுக்க தோள் பையில கைய விட்டேன். பை லேசா இருந்திச்சி. வெத்தல இருக்கு, பாக்கு இருக்கு, என் பொண்டாட்டி பாக்கியம் மடிச்சி வச்ச துண்டு இருக்கு. டின்னு இல்ல.

காலையில அந்த டின்ன நான்தான், ரெண்டு கையாலயும், பல்லு அத்தனையும் காட்டிக்கிட்டு ஒரு பொம்பளைக்கிட்ட குடுத்தேன். அதுக்குள்ள தேயில இருந்திச்சி. தேயிலைக்கு அடியில என் பொண்டாட்டி, மூணு புள்ளைங்க, நான், அஞ்சு பேரும் இருந்தோம்.

வெவரத்துக்கு வர்றேன்.

என்னய ஏன் அனுப்புனாங்க

போன வாரம் நான் பள்ளிக்கூடத்த விட்டு ரெண்டாம் நாளே ஓடுன கதைய எழுதுனதப் படிச்சிட்டு, தலவாக்கொல்லையில ஒரு கடக்காரரு, "ஓடுன ஆளு சீனா வரைக்குமா ஓடுனாரு?"ன்னு கேட்டாராம். நியாயமான கேள்வி. (நான் வாயால சொல்றேன், என் மருமகன் எழுதுறாரு. பிழை இருந்தா அவரோடது. நல்லா இருந்தா என்னோடது.)

நம்ம ரப்பர சீனாவுக்குக் குடுத்து, சீனத்து அரிசிய நாம வாங்கித் தின்ன காலம் அது. மே மாசத்துத் தொழிலாளர் திருநாளுக்கு எங்க சங்கத்துல இருந்து ஆளு அனுப்பச் சொல்லி சீனத்துல இருந்து கடுதாசி வந்திச்சி. தோட்டத்துல இருந்து ஒருத்தரு போவணும்.

யாருன்னு பேச்சு வந்தப்ப என் பேர யாரும் நெனக்கல, நானும் நெனக்கல. மேடையில ஒரு மணி நேரம் மூச்சு விடாமப் பேசுறவரு ஒருத்தரு இருந்தாரு. வேலநிறுத்தத்துல ஜெயிலுக்குப் போயி வந்தவரு ஒருத்தரு இருந்தாரு. பேப்பரு படிக்கிறவரு ஒருத்தரு இருந்தாரு. ஆனா வெளிநாடு போவ பாஸ்போட்டு வேணும். பாஸ்போட்டு வேணும்னா பிரஜாவுரிமைப் பத்திரம் வேணும். இந்த நாட்டுலயே பொறந்து வளந்தாலும், நீ இந்த நாட்டு ஆளுதான்னு அரசாங்கம் எழுதிக் குடுக்குற பத்திரம் அது. பாட்டன் பூட்டன் இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னு எங்க தோட்டத்து ஆளுங்கள்ல முக்காவாசிப் பேருக்குக் கெடைக்கல.

கடைசியில சங்கத்துத் தலைவரு கேட்டாரு, "பத்திரம் உள்ளவன் எவன்டா இருக்கான்?"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் பின்னால ஒக்காந்து பக்கத்துல இருந்தவன் காதுல ஏதோ சிரிப்புக்காட்டிக்கிட்டு இருந்தேன்.

தலைவரு மொகம் விழுந்துபோச்சி. "இவனையா?"

"பேச விடாமப் பாத்துக்கலாம்ங்க"ன்னாரு ஜெயிலுக்குப் போனவரு.

இப்பிடித்தான் நான் உலகத் தொழிலாளர்களோட கை கோக்கப் போனேன்.

எங்கப்பன் வச்ச டின்னு

எனக்குப் பத்திரம் கெடச்சது என் கெட்டிக்காரத்தனத்துல இல்ல. எங்கப்பாரு எதையும் தூக்கிப் போட மாட்டாரு. தோட்டத்த நடத்துன பழைய வெள்ளக்காரத் தொரை ஒருத்தரு வீசுன தேயில டின்னு ஒண்ணு, மூடியில யானப்படம் போட்டது, அதுல எல்லாத்தையும் போட்டு வப்பாரு. எங்க பொறப்புத் துண்டு, தோட்டத்துல பேருப் பதிஞ்ச துண்டு, அம்ம ஊசி குத்துன துண்டு, அரிசிக் கூப்பன் பொஸ்தகம்.

தோட்டத்துல வரிசையா கட்டிக் குடுத்த லயத்துல, ஒத்த அறைக் காம்பராவுல பத்திரத்த வேற எங்க வக்கிறது? தகரம் ஒழுவும். செவுரு வேர்க்கும். எலி கடிக்கும். அதனால எங்க லயங்கள்ல காயிதம்னா டின்னுலதான், அடியில காயிதம், மேல ரெண்டு கை காஞ்ச தேயில. தேயில ஈரத்த உறிஞ்சிக்கும். எங்க ஆளுங்க சம்பாதிச்ச படிப்பு அது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, நாங்க இங்கயே இருந்தோம்னு ஒவ்வொரு வருசத்துக்கும் அத்தாட்சி கேட்டாரு. நான் டின்னக் கவுத்தேன். அவருக்குத் தும்மலு வந்திச்சி. தும்மித் தும்மியே கையெழுத்துப் போட்டாரு.

என் அண்ணன் வீரனுக்கும் அதே அப்பன், அதே டின்னு. ஆனா அவரு ஒருவாட்டி திருச்சிப் பக்கம் சொந்தத்துல கலியாணம்னு போயி, காய்ச்சல்ல விழுந்து, கூடுதலா தங்கிட்டாரு. "இடையில ஊருக்குப் போயிருக்கே"ன்னு சொல்லி பத்திரம் இல்லைன்னுட்டாங்க.

அதனாலதான் நான் சீனா போறேன்னதும் பாக்கியம் அடுப்படியில அப்பிடியே குந்திட்டா.

"ஏங்க, ஒங்க அண்ணன் ஒரு கலியாணத்துக்குப் போனதுக்கே வெளிய தள்ளிட்டாங்க. நீங்க இன்னொரு நாட்டுக்கே போறீங்களே. திரும்பி வாரப்ப நீ யாருன்னு கேட்டா?"

"பாஸ்போட்டு இருக்கு புள்ள. தலைவரு கையில இருக்கு."

"அது அவரு கையில. நீங்க யாருன்னு ஒங்க கையில என்னா இருக்கு?"

பத்திரத்துல என் பேருக்குக் கீழ அவ பேரும் மூணு புள்ளைங்க பேரும் இருந்திச்சி. அது போச்சின்னா அஞ்சு பேரும் போச்சி. அத அவ மெழுகுக் காயிதத்துல சுத்தி, டின்னு அடியில வச்சி, சங்கம் சீனத்து ஆளுங்களுக்குன்னு வாங்கிக் குடுத்த நல்ல தேயிலய மேல கொட்டி, மூடிய கல்லால தட்டி மூடுனா.

"தேயிலய மட்டும் கொட்டிக் குடுங்க. டின்னு திரும்பி வரணும்."

"எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

கிளாசுக்குள்ள கொழுந்து

எங்க கூட்டத்துல தலைவரு, நான், கேகாலைப் பக்கத்துல ரப்பர் பால் வெட்டுற சிங்கள ஆளு பியதாச. பேச்சு வார வழியக் கேளுங்க. கண்ணாடித் தம்பி சீனத்த இங்கிலீசு ஆக்குவாரு. தலைவரு இங்கிலீச தமிழு ஆக்குவாரு. நான் தமிழ சிங்களம் ஆக்கி பியதாசவுக்குக் குடுப்பேன். நடுவுல ருசிக்கு நானும் கொஞ்சம் சேத்துக்குவேன்.

ஹாங்சோவுல மொத விடியக்காலை கொழாய் ரேடியோவுல ஒரு சத்தம். நம்ம தோட்டத்துல தப்படிச்சா பெரட்டுக் களத்துக்கு ஓடி வரிசையில நின்னு பேரு குடுப்போம்ல, அந்தப் பழக்கம் காலுக்குள்ள இருக்கு. முழிப்பு வாரதுக்கு முந்தி ஓடிட்டேன். முத்தத்துல சனங்க வரிசை வரிசையா நிக்கிது. நானும் கடைசியில போயி நின்னேன். எல்லாரும் கைய மேல தூக்குனாங்க. தூக்குனேன். குனிஞ்சாங்க. குனிஞ்சேன். பேரு மட்டும் யாரும் கூப்புடல. வேலையும் பிரிக்கல. முடிஞ்சதும் எல்லாரும் சிரிச்சிக்கிட்டு கலஞ்சி போயிட்டாங்க.

"மாரி, அது தேகப்பயிற்சி"ன்னு சன்னல்ல இருந்து பியதாச சிங்களத்துல சொன்னான். அவன் வயித்தப் புடிச்சிக்கிட்டு இருந்தான்.

அன்னிக்கி காலையிலதான் தேயில மலைக்குக் கூட்டிப் போனாங்க. பட்டணத்துல இருந்து கொஞ்ச தூரம். மலைன்னா நம்ம மலை இல்ல, நம்ம மலையோட பேத்தி. நான் கவ்வாத்து வெட்டுறவன், எனக்குக் கண்ணு மொதல்ல செடிக்குத்தான் போவும். குட்டச் செடி, நெருக்கி நட்டு, வட்டமா வெட்டியிருக்காங்க. வெட்டுனவன் கத்தி நல்ல கூரு. குனிஞ்சி வெட்டுவாயத் தடவிப் பாத்தேன். பொம்பளைங்க கூடைய இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் கோழி கொத்துற மாதிரி எடுக்குறாங்க. நம்ம பொம்பளைங்க மாதிரி தலையில கயிறு மாட்டி முதுகுல தொங்க விடல. பாக்கியத்துக்கு உச்சந்தலையில அந்தக் கயித்துத் தடம் வழுக்கையாவே இருக்கும். அவ நெனப்பு வந்திச்சி.

உள்ள ஒரு காம்பராவுல பெரிய சட்டிங்க. கொழுந்த அதுல போட்டு வெறுங்கையால அழுத்தி அழுத்தி வறுக்குறாங்க. நானும் கைய விட்டேன். விட்ட வேகத்துலயே எடுத்தேன். சட்டிக்காரரு ஒண்ணுமே சொல்லாம ஒரு வாளித் தண்ணிய என் பக்கம் காலால தள்ளுனாரு.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு அம்மா. லின்னுன்னு பேரு. நாப்பது வயசிருக்கும், வெயில்ல வெந்த மொகம். ஒரு பெரிய அறையில ஒக்கார வச்சி கண்ணாடி கிளாசுல பச்ச எலையப் போட்டு சுடுதண்ணிய ஊத்துனாங்க. பாலு இல்ல, சீனி இல்ல. சீனத்துல சீனி இல்லையான்னு கேக்கச் சொன்னேன், தலைவரு மொறச்சாரு.

ஆனா அந்தக் கிளாச நான் மறக்க மாட்டேன். எலை கொஞ்சங் கொஞ்சமா விரிஞ்சி, ரெண்டு எலையும் மொட்டுமா, செடியில நிக்கிற மாதிரியே தண்ணிக்குள்ள எழும்பி நின்னுச்சி. நம்ம ஊருல மலையில கொழுந்தப் பாப்போம், வீட்டுல தூளப் பாப்போம். நடுவுல, தேயில அரைக்கிற ஸ்டோருக்குள்ள என்னா நடக்குதுன்னு அதுல வேல செய்றவனத் தவுத்து யாரும் பாத்ததில்ல. நான் வெட்டி வளத்த செடி குடிக்கிற எடத்துல எப்பிடி இருக்கும்னு அன்னிக்கித்தான் பாத்தேன். கடைசியில எலையையும் தின்னுட்டேன். பாதி வழியிலதான் மத்தவங்க துப்புறதப் பாத்தேன்.

பெறகு என்னய பேசச் சொன்னாங்க. தலைவரு காதுல, "நாலு வார்த்த. சிரிப்புக்காட்டாதே"ன்னாரு. எந்திரிச்சேன். "நாங்களும் தேயில, நீங்களும் தேயில"ன்னேன். அவ்வளவுதான் வந்திச்சி. மூணு பாஷையில மாறிப் போனதுக்கப்புறம் நாப்பது அம்பது பேரு கை தட்டுனாங்க பாருங்க, பொறந்ததுல இருந்து எனக்கு யாரும் கை தட்டுனதில்ல. தல கிறுகிறுன்னு போச்சி. டின்ன எடுத்தேன். மூடியில இருந்த யானையப் பாத்து எல்லாரும் "ஆ"ன்னாங்க. கொட்டிக் குடுக்கணும்ங்கிற நெனப்பே இல்ல. யானையோட குடுத்துட்டேன். போட்டோ வேற புடிச்சாங்க.

வெளிய பதிமூணு, உள்ள ஏழு

இப்ப மறுபடி கோபுரத்துக்கு வாங்க.

அந்தக் கோபுரத்துல ஒரு வேடிக்கை. வெளிய நின்னு எண்ணுனா பதிமூணு தட்டு. உள்ள ஏறுனா ஏழுதான். நான் ரெண்டுவாட்டி எண்ணிட்டு, கண்ணாடித் தம்பிகிட்ட மீதி ஆறு எங்கன்னு கேட்டு நச்சரிச்சிக்கிட்டுத்தான் மேல வந்தேன். எங்க லயம் இதுக்கு நேர் எதிரு. வெளிய பாத்தா ஆறு காம்பரா, உள்ள பத்துக் குடும்பம்.

அந்த ஏழாந்தட்டுலதான் பை லேசா இருக்குறது தெரிஞ்சிச்சி. கூரை ஓரத்துல தொங்குற மணிங்க காத்துல கிணுகிணுங்குது.

"ஐயா"ன்னேன் தலைவருகிட்ட. "அந்த டின்னு வேணும்."

"எந்த டின்னு?"

சொன்னேன். அவரு கண்ண மூடுனாரு. "வீட்ல வச்சிட்டு வான்னு சொன்னேனா இல்லையா?"

"வீடு ஒழுவுதுங்க."

"சரி விடு. குடுத்த பரிச திருப்பிக் கேட்டா நாட்டுக்கே கேவலம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷாங்காய்க்கு ரயிலு. கொழும்புல போயி வேற பத்திரம் எழுதி வாங்கிக்கலாம்."

"ஐயா, இத வாங்கவே எங்கப்பன் ஆயுசு பூரா காயிதம் சேத்தாரு. அந்தக் காயிதம் பூரா அதிகாரி வாங்கி வச்சிக்கிட்டாரு. இன்னொண்ணு எழுதணும்னா எங்கப்பன் மறுபடி பொறந்து வரணும்."

நான் சிரிப்புக்காட்டுறதா அவரு நெனச்சாரு. மொகத்தப் பாத்ததும் அப்பிடி இல்லன்னு தெரிஞ்சிருச்சி போல. பியதாச என்னான்னு கேட்டான், சிங்களத்துல சொன்னேன். அவன் தலைவருகிட்ட எதுவும் கேக்கல. கண்ணாடித் தம்பி கையப் புடிச்சி, கீழ நின்ன காரைக் காட்டி, தேயில மலை இருக்குற பக்கம் கைய நீட்டி, படியில எறங்க ஆரம்பிச்சிட்டான். மேல வர அரை மணி எடுத்த கோபுரத்த நாங்க மூச்சு விடாம எறங்குனோம்.

செவுரு

போயி நின்னப்ப லின்னு அம்மா கொழுந்து மலையில இருந்தாங்க. கை எல்லாம் பச்சக் கறையோட ஓடி வந்து, மறுபடி வந்துட்டோம்னு சந்தோசமா அந்தப் பெரிய அறைக்கே கூட்டிப் போனாங்க. கதவத் தொறந்ததும் எனக்கு டின்னு தெரியல. செவுருதான் தெரிஞ்சிச்சி.

நடுச் செவுத்துல, கொடிக்கும் அவங்க நாட்டுத் தலைவரோட பெரிய படத்துக்கும் எடையில, நாலு மூலையிலயும் ஊசி குத்தி எங்க பத்திரம் தொங்குது. அதுக்கு மேல செவப்புக் காயிதத்துல ஒரு பூ.

தேயிலய தட்டுல கொட்டுறப்ப கெடச்சதாம். முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு, பெரிய எழுத்துல தலைப்பு இருக்கு. இலங்கைத் தேயிலத் தொழிலாளி எல்லாரும் சேந்து அனுப்புன வாழ்த்துக் கடுதாசின்னு நெனச்சிட்டாங்க. இங்கிலீசு படிக்கிறவங்க அங்க யாரும் இல்ல. பட்டணத்துல இருந்து யாராச்சும் வந்தா படிச்சிச் சொல்லச் சொல்றதுன்னு இருந்தாங்களாம்.

தலைவரு தொண்டையக் கனச்சாரு. இங்கிலீசுல எப்பிடித் தொடங்குறதுன்னு தேடுனாரு. எனக்குப் பொறுக்கல. நேரா செவுத்துக்கிட்ட போனேன். மேல இருந்த பேரத் தொட்டு என் நெஞ்சத் தொட்டேன். எனக்கு அந்தப் பேரு மட்டும் அடையாளம் தெரியும். அடுத்த பேரத் தொட்டு, முதுகுல கூடை இருக்குற மாதிரி குனிஞ்சி கொழுந்து எடுத்துக் காட்டுனேன். அதுக்குக் கீழ மூணு பேரு. உள்ளங்கைய கவுத்து ஒசரம் காட்டுனேன். இடுப்பு வரைக்கும் ஒண்ணு. தொடை வரைக்கும் ஒண்ணு. முழங்காலுக்கு ஒண்ணு.

லின்னு அம்மா என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கண்ணாடித் தம்பிகிட்ட ஏதோ கேட்டாங்க. அவரு பத்திரத்தப் படிச்சிப் பாத்துட்டு சீனத்துல சொன்னாரு. அவங்க மறுபடி ஏதோ கேட்டாங்க. இந்தத் தடவ தலைவரு தமிழு ஆக்காம நின்னாரு.

"என்னாங்கய்யா கேக்குறாங்க?"

"நீ எங்க பொறந்தேன்னு கேக்குறாங்க."

"தோட்டத்துலதான்."

"ஒங்கப்பன்?"

"அதே தோட்டம். அதே லயம்."

அது போயி சீனமாகி, இன்னொரு கேள்வியா திரும்பி வந்திச்சி. தலைவரு மெதுவா சொன்னாரு. "அப்ப இந்தக் காயிதம் எதுக்குன்னு கேக்குறாங்க."

நான் செவுத்துல இருந்த பத்திரத்தக் காட்டி கைய நீட்டுனேன்.

லின்னு அம்மா நாற்காலிய இழுத்துப் போட்டு ஏறி, ஊசிய ஒவ்வொண்ணா எடுத்தாங்க. பத்திரத்த மெழுகுக் காயிதத்துல சுத்தி என் கையில குடுத்துட்டு, வெறுஞ்செவுத்தக் காட்டி ஒண்ணு சொன்னாங்க. அந்த எடத்துக்கு வேற ஏதாச்சும் வேணுமாம்.

செவப்புத் தாளும் மையும் தூரிகையும் வந்திச்சி. எனக்கு எழுதத் தெரிஞ்சது என் பேரு ஒண்ணுதான், அதுவும் பத்திரத்துக்கு மனுப் போடுறதுக்குன்னு படிச்சது. அத எழுதுனேன். கோழி கிண்டுன மாதிரி வந்திச்சி. கீழ, அஞ்சு கோடு போட்டேன். ரெண்டு பெருசு, மூணு சின்னது, ஒசரம் பாத்து. அதத்தான் அந்த ஊசியாலயே செவுத்துல குத்துனாங்க. டின்ன நான் கேக்கல. யானை அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ரயில்ல பியதாச எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்தான். பெறகு கேட்டான்.

"மாரி, இந்த மாதிரி பத்திரம் எனக்கு வேணாமா?"

"ஒனக்கு வேணாம்."

"ஏன்?"

"நீ பியதாச."

அவன் சிரிக்கல. பொட்டலத்துல இருந்த வறுத்த கடலைய பாதி பிரிச்சி என் மடியில போட்டான்.

நாலு ஓட்டை

கொழும்புல எறங்குறப்ப நீ யாருன்னு யாரும் கேக்கல. வீட்டுலதான் கேட்டாங்க.

"டின்னு எங்க?"ன்னா பாக்கியம். நான் பத்திரத்த நீட்டுனேன். பிரிச்சா. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சா. நாலு மூலையிலயும் நாலு ஓட்டையில வெளிச்சம் வந்திச்சி.

"பூச்சி அடிச்சிருக்கா?"

வேற வழியில்லாம எல்லாத்தையும் சொன்னேன். கை தட்டுனதும் நான் மயங்குனதும் வரைக்கும். திட்டுவான்னு பாத்தேன். அவ திட்டல.

"செவுத்துலயா?"ன்னா.

"ஆமா."

"எல்லாரும் பாக்குற மாதிரியா?"

"நடுச் செவுத்துல. மேல ஒரு பூ வச்சி."

எந்திரிச்சிப் போயி சாமிப் படத்துக்குப் பக்கத்துல, அம்மிக் குழவியால நாலு சின்ன ஆணி அடிச்சா. அந்த ஓட்டைக்கு நேரா, வேற ஓட்டை விழாம. பத்திரத்த மாட்டிட்டு முந்தானையால தொடச்சா.

லயத்துல எல்லாரும் வந்து பாத்தாங்க. அண்ணன் வீரனும் வந்தாரு. கைய பின்னால கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. படிக்கத் தெரியாது அவருக்கும்.

"டேய், எங்கயாச்சும் ஓரத்துல எம் பேரு இருக்கான்னு பாரு"ன்னாரு.

"நல்லாப் பாத்துட்டேண்ணே"ன்னேன்.

சிரிச்சாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்க.

சாயங்காலம் மழை புடிச்சிச்சி. தகரத்துல மொதச் சொட்டு விழுந்ததுமே பாக்கியம் முக்காலியில ஏறி பத்திரத்த எறக்குனா. டின்னு இல்லாததால மடியில வச்சிக்கிட்டு, அதுக்கு மேல ரெண்டு கையையும் வச்சி மூடிக்கிட்டு, மழை விடுற வரைக்கும் அப்பிடியே ஒக்காந்திருந்தா.